புள்ளியில்லாத சிறுத்தை

கோட்டின் இடது பைக்குள் கையை விட்டதும் பென்சிலின் விரலில் ஏதோ சரசரத்தது.

காகிதம்.

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அம்மா கறை மேசையில் குனிந்து, யாருடைய வெள்ளைச் சட்டையிலோ இருந்த மையைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தார். இஸ்திரி மாமா ஆவிக்கு நடுவே பாதி தெரிந்தார், பாதி தெரியவில்லை. யாரும் இவளைக் கவனிக்கவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் பென்சிலுக்குத் தங்கள் சலவையகத்தில் ஒரு வேலை உண்டு. வந்திருக்கும் துணிகளின் பைகளில் எல்லாம் கையை விட்டுப் பார்க்க வேண்டும். பஸ் டிக்கெட், சாவி, பாதி கடித்த மிட்டாய் என்று என்னென்னவோ வரும். ஒருமுறை ஒரு பல்செட் வந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. எது கிடைத்தாலும் ஓர் உறையில் போட்டு, டோக்கன் எண்ணை எழுதி, துணியோடு சேர்த்துக் குத்திவிட வேண்டும். காகிதமாக இருந்தால் பிரித்துப் படிக்கக் கூடாது. இது அம்மாவின் சட்டம்.

"அடுத்தவங்க பை, அடுத்தவங்க வீடு மாதிரி. கதவு திறந்திருக்குன்னு உள்ள போயிடக் கூடாது" என்பார்.

பென்சில் இதுவரை போனதில்லை. ஆனால் இந்தக் கோட்டின் டோக்கன் எண் நாற்பத்தேழு. நாற்பத்தேழு என்றால் புதுசு.

ஊரிலேயே பென்சிலுக்குப் பிடிக்காத ஒரே ஆள் புதுசுதான்.

பென்சில் என்பது அவள் பெயரல்ல. ஒல்லியாக இருப்பாள், காதில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருக்கும். இரண்டும் சேர்ந்து அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டன. புதுசு என்பதும் பெயரல்ல. ஐந்து மாதத்துக்கு முன்னால், வருடத்தின் நடுவில், ஒரு திங்கட்கிழமை காலையில் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். இன்றுவரை எல்லாருக்கும் அவள் புதுசுதான்.

சண்டை தொடங்கியது பச்சை மையில்.

இங்கிலீஷ் டீச்சருக்கு ஒரு வழக்கம். யாராவது கட்டுரையைத் தப்பே இல்லாமல் எழுதிவிட்டால், மதிப்பெண்ணுக்குக் கீழே பச்சை மையில் ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். அந்த வார்த்தை இரண்டு வருடமாகப் பென்சிலின் நோட்டில் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. 'பெர்ஃபெக்ட்.' மொத்தம் இருபத்திரண்டு 'பெர்ஃபெக்ட்'. அவள் எண்ணி வைத்திருந்தாள்.

புதுசு வந்த மூன்றாவது வாரம், அவள் நோட்டிலும் பச்சை மை வந்தது. எட்டிப் பார்த்த பென்சிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே இருந்தது 'பெர்ஃபெக்ட்' இல்லை. 'ஃப்ளாலெஸ்.'

அடுத்த மாதம் 'இம்மாகுலேட்.' அதற்கடுத்த மாதம் 'இம்பெக்கபிள்.'

பென்சிலுக்கு மறுபடியும் 'பெர்ஃபெக்ட்.' பழைய சாதத்தைத் தட்டில் வைத்த மாதிரி.

அன்று சாயங்காலமே வீட்டு அகராதியை இழுத்துப் போட்டுப் புரட்டினாள். பெர்ஃபெக்ட் என்றால் குறையற்ற. ஃப்ளாலெஸ் என்றால் குறையற்ற. இம்மாகுலேட் என்றால் மாசற்ற, குறையற்ற. இம்பெக்கபிள் என்றால், அதுவும் குறையற்ற. அகராதி எழுதியவர் அந்தப் பக்கங்களைத் தூக்கக் கலக்கத்தில் எழுதினாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எல்லாம் ஒன்றுதான் என்றால் டீச்சர் ஏன் மாற்றி மாற்றி எழுத வேண்டும்? இதில் எது பெரிய குறையற்றது, எது சின்னக் குறையற்றது?

இஸ்திரி மாமாவிடம் கேட்டாள். அவர் காலரைத் திருப்பிப் போட்டபடி, நீளமாக இருப்பதுதான் பெரிசு, எழுதுவதற்கு அதிக நேரம் ஆகிறதே என்றார்.

பென்சில் இங்கிலீஷ் எழுத்துகளை எண்ணினாள். இம்பெக்கபிள் பத்து எழுத்து. இம்மாகுலேட் பத்து எழுத்து. ஃப்ளாலெஸ் எட்டு. பெர்ஃபெக்ட் ஏழே ஏழு.

"ஏன் மாமா, இஸ்திரிப் பெட்டில தண்ணி தீர்ந்துடுச்சா?"

"இல்லையே."

"ஆவி வரலையே."

"அதான் உன் காதுல இருந்து வருதே. அதுலயே நாலு சட்டை தேய்ச்சிடலாம்" என்றார் மாமா.

பென்சில் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பள்ளி நூலகத்தில் தலையணை கனத்துக்கு ஒரு இங்கிலீஷ் அகராதி கிடைத்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே உதாரண வாக்கியங்கள் இருந்தன. பென்சில் தொடர்ந்து ஒன்பது நாள் மதிய இடைவேளையில் அதன் முன்னால் உட்கார்ந்தாள். படிப்பு ஆர்வம் என்று நூலகர் நினைத்துக்கொண்டார். அது ஆர்வமில்லை, வயிற்றெரிச்சல்.

அந்த வயிற்றெரிச்சலில் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த வார்த்தைகள் எல்லாம் ஒரே ஜாடையில் இருந்தாலும் ஒரே வீட்டுக்குப் போவதில்லை. ஃப்ளாலெஸ், உற்றுப் பார்த்துக் கீறல் தேட வேண்டிய இடத்துக்குப் போகும்: வைரம், கண்ணாடி, ஒருவரின் உச்சரிப்பு. இம்மாகுலேட், பளிச்சென்று அடுக்கி வைத்த அறைக்கும் மடிப்புக் கலையாத உடைக்கும் போகும். இம்பெக்கபிள் மனிதர்களின் பழக்கவழக்கத்துக்கு. நேரம் தவறாதவர், மரியாதை தெரிந்தவர், ரசனை உள்ளவர். பெர்ஃபெக்ட் மட்டும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகும். வட்டத்துக்கும் போகும், வானிலைக்கும் போகும். யாரிடமும் பிடிபடாத குற்றத்தைக்கூட பெர்ஃபெக்ட் என்று சொல்கிறார்கள்.

அப்படியானால் டீச்சர் காரணத்தோடுதான் எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாததற்கு ஃப்ளாலெஸ். அடித்தல் திருத்தல் இல்லாத பக்கத்துக்கு இம்மாகுலேட். பணிவாக எழுதிய கடிதத்துக்கு இம்பெக்கபிள்.

இது தெரிந்ததும் எரிச்சல் அடங்கவில்லை, இன்னும் ஏறியது. தனக்குக் கொடுத்தது யாருக்கும் பொருந்தும் சட்டை, புதுசுக்குக் கொடுத்தது அளவெடுத்துத் தைத்தது என்று தோன்றியது.

இதற்கு மேல் ஒரு அடி விழுந்தது. போன வாரம்.

பள்ளி ஆண்டு விழாவில் விருந்தினரை இங்கிலீஷில் வரவேற்றுப் பேசுவது இரண்டு வருடமாகப் பென்சிலின் வேலை. இந்த வருடம் விருந்தினர், மிருகக்காட்சி சாலையின் டாக்டர். கம்பி வேலியில் கால் மாட்டிக்கொண்ட சிறுத்தையைக் காப்பாற்றியவர். ஊர் முழுக்க அவர் பேச்சுதான். பென்சில் பேச்சின் முதல் வரியைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டாள்.

டீச்சர் வகுப்புக்குள் வந்து, இந்த முறை புதியவர் ஒருவருக்கு வாய்ப்புக் கொடுப்போம் என்றார். சொல்லிவிட்டுப் புதுசைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாரும் கை தட்டினார்கள். பென்சிலும் தட்டினாள். சத்தம் வராமல் தட்டுவது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள்.

அதே வாரத்தில் புதுசு சலவையகத்துக்கும் வந்துவிட்டாள், அண்ணனின் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு. வாசல் பலகையை அண்ணாந்து பார்த்து, "ஸ்பாட்லெஸ்னா என்ன?" என்று கேட்டாள். கடையின் பெயரே 'ஸ்பாட்லெஸ் சலவையகம்'தான்.

பென்சில் டோக்கனைக் கிழித்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "ஒரு குறையும் இல்லாததுன்னு அர்த்தம்."

புதுசு அதை இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

இப்போது அந்தப் புதுசின் கோட் பென்சிலின் கையில் இருந்தது. தோளில் சேறு தெறித்த கறை. நாளைக்குக் காலை விழா, அவசரம், ஆறு மணிக்குள் வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பைக்குள்ளே ஒரு காகிதம்.

பென்சில் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். அதாவது, காகிதத்தைப் பிரித்துவிட்டாள்.

வரவேற்புப் பேச்சேதான். மேலே மூலையில் 'பதினொன்று' என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. பதினோராவது முறையாக எழுதிய பேச்சு. அதில் அடித்தல், திருத்தல், அம்புக்குறி, அழித்து அழித்துக் காகிதமே மெலிந்துபோன இடங்கள். இம்மாகுலேட்டாவது ஒன்றாவது. பென்சிலுக்குப் பார்க்கப் பார்க்க ஆனந்தமாக இருந்தது.

கடைசியில் டீச்சரின் பச்சை டிக் இருந்தது. அந்த டிக்குக்குப் பிறகு, புதுசு நீல மையில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள். டீச்சர் பார்க்காத வரி.

'தாங்க் யூ டாக்டர். யூ மேட் அவர் லெப்பர்ட் ஸ்பாட்லெஸ்.'

பென்சில் இரண்டு முறை படித்தாள். பிறகு கோட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் சிறுத்தையைக் குறையே இல்லாமல் குணப்படுத்தினீர்கள் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். ஆனால் ஸ்பாட் என்றால் கறை மட்டுமா? புள்ளியும்தான். சென்ற வருடம் பெரிய பெரிய புள்ளி போட்ட கவுனைக் கொண்டுவந்த அம்மாள் ஒருவர், கடைப் பலகையைப் பார்த்துவிட்டு, என் புள்ளிகளையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள் என்று கேலி செய்தது பென்சிலுக்குத் தெரியும். சட்டையை ஸ்பாட்லெஸ் ஆக்கினால் வெளுக்கும். சிறுத்தையை ஸ்பாட்லெஸ் ஆக்கினால்?

டாக்டர், எங்கள் சிறுத்தையின் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டீர்கள், நன்றி.

முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபம் கண்முன் வந்தது. முன்வரிசையில் யாரோ முதலில் களுக்கென்று சிரிக்கிறார்கள். அது அப்படியே பின்வரிசைக்குப் பரவுகிறது. புதுசு ஒன்றும் புரியாமல் மைக்கின் முன்னால் நிற்கிறாள். நாளை முதல் அவள் பெயர் புதுசு இல்லை, 'புள்ளியில்லாத சிறுத்தை'.

பென்சில் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

இந்த இன்பத்தை முழுதாக அனுபவித்துவிட்டுக் காகிதத்தை மடிக்கப் போனபோதுதான், ஓரத்தில் பொடி எழுத்தில் சில குறிப்புகளைக் கவனித்தாள். தனக்குத் தானே எழுதிக்கொண்டவை. 'இங்கே மூச்சு.' 'இங்கே டாக்டரைப் பார்.' 'கை நடுங்கினால் மேசையைப் பிடி.' அதற்கும் கீழே ஒன்று.

'பென்சில் படிக்கிற மாதிரி மெதுவா. அவளுக்கு மட்டும் எப்படி வருதோ.'

பென்சிலுக்குச் சுர்ரென்றது.

எதிரி இப்படியெல்லாம் எழுதக் கூடாது. ஆட்டத்தின் விதிகளுக்கே இது புறம்பானது.

காகிதத்தைச் சட்டென்று உறையில் போட்டு, நாற்பத்தேழு என்று எழுதி, கோட்டோடு சேர்த்துக் குத்தினாள். சொல்லலாம். ஆனால் சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பாள். பையிலிருந்ததைப் படித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது அம்மாவின் காதுக்கு வந்தால் முடிந்தது கதை. ஆக, சும்மா இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்று முடிவு செய்தாள். எல்லாருக்கும் என்பதில் புதுசைச் சேர்க்கவில்லை.

ஆறு மணிக்குப் புதுசின் அண்ணன் வந்தான். தோளில் சேறு போன இடமே தெரியவில்லை. அம்மா கோட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டு, எப்போதும் கேட்பதையே பென்சிலிடம் கேட்டார்.

"நம்ம பக்கத்துல சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

கடையின் வழக்கம் அது. எடுக்க முடியாத கறையோ, தளர்ந்த பொத்தானோ இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்ல ஆள் இல்லாவிட்டால், மஞ்சள் நிறத்தில் ஒரு கறைச் சீட்டு எழுதிக் குத்திவிட வேண்டும்.

"இல்லம்மா" என்றாள் பென்சில்.

அண்ணன் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி போய்விட்டான்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. முந்நூறு பேர் சிரிக்கும் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சாயங்காலம் இனித்தது இப்போது இனிக்கவில்லை. மைக்கின் முன்னால் நிற்பவள் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பென்சில் படிக்கிற மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்தப் படம் இப்படி ஓடும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஒன்பது நாற்பது. விழா பத்துக்கு.

பென்சில் படியை இரண்டிரண்டாகத் தாவி மண்டபத்தின் பக்கவாட்டு அறைக்குள் நுழைந்தாள். உடைந்த நாற்காலிகளும் ஒரு பழைய கரும்பலகையும் கிடக்கும் அறை. புதுசு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, சுவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சலவையகத்துல இருந்து வர்றேன்" என்றாள் பென்சில். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "ஒரு சீட்டு குடுக்க விட்டுப்போச்சு."

வாயால் சொல்ல முடியாததை அவள் காலையிலேயே எழுதி வைத்திருந்தாள். மஞ்சள் சீட்டு. புதுசு வாங்கிப் படித்தாள்.

'டோக்கன்: 47. பொருள்: பைக்குள் இருந்த காகிதம். கறை உள்ள இடம்: கடைசி வரி, கடைசி வார்த்தை. எங்களால் எடுக்க இயலாது. உரியவர் எடுக்கலாம்.'

புதுசு சீட்டைப் பார்த்தாள். பென்சிலைப் பார்த்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"பைக்குள்ள இருந்ததப் படிக்கலாமா?"

"கூடாது."

மண்டபத்தில் யாரோ மைக்கை ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஸ்பாட்லெஸ்னா குறையில்லாததுன்னு நீதான சொன்ன?" என்றாள் புதுசு. குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சட்டைக்குச் சொன்னேன். நீ அதக் கொண்டு போய் சிறுத்தைக்குப் போடுவன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"சிறுத்தைக்குப் போட்டா என்ன?"

"சிறுத்தை மேல என்ன இருக்கு?"

புதுசு யோசித்தாள். அவள் உதடுகள் மெல்ல அசைந்தன. ஸ்பாட். லெஸ். முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. பக்கத்திலிருந்த உடைந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"டாக்டர் காலுக்கு மருந்து போட்டாரா, உடம்புக்கு ப்ளீச் போட்டாரான்னு கேப்பாங்க" என்றாள் பென்சில்.

சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பயந்தாள். ஆனால் புதுசின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள். சாய்ந்த நாற்காலியில் சாய்ந்தபடியே சிரிக்கிறாள். பென்சிலுக்கும் அடக்க முடியவில்லை.

மணி ஒன்பது நாற்பத்தெட்டு.

"வேற வார்த்தை வேணும்" என்றாள் புதுசு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உனக்குத் தெரியுமா?"

தெரியுமாவா? ஒன்பது நாள் வயிற்றெரிச்சல் நாலு பக்கம் நிறைய பென்சிலின் நோட்டில் இருந்தது. எதற்காக எழுதினாள் என்பதை மட்டும் சொல்லாமல் பிரித்து நீட்டினாள்.

புதுசு விரலை வைத்து இறங்கினாள். இம்பெக்கபிள்?

வேண்டவே வேண்டாம் என்றாள் பென்சில். அப்படிச் சொன்னால், நீங்க முதல்ல சாப்பிடுங்க என்று ஒரு மானைப் பார்த்துத் தட்டை நீட்டுகிற சிறுத்தை ஆகிவிடும். இம்மாகுலேட் என்றால் தலை வாரி, கோட் போட்டுக்கொண்ட சிறுத்தை. ஃப்ளாலெஸ் என்றால் நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த சிறுத்தை.

மிச்சம் ஒன்றுதான். பென்சில் அதை ஒரு நொடி தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

"பெர்ஃபெக்ட்னு சொல்லலாம். அது எல்லாத்துக்கும் வரும்" என்றாள்.

புதுசு உடனே எழுதிக்கொள்ளவில்லை. பேனாவின் மூடியைக் கடித்தபடி யோசித்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் போய்ப் பாத்தேன், சிறுத்தையை. அதப் பாத்துட்டு வந்துதான் இந்த வரியே சேத்தேன்."

"சரி."

"நொண்டுது."

"யாரு?"

"சிறுத்தைதான். பின்னங்கால் கொஞ்சம் இழுக்குது. அப்படித்தான் இருக்கும், முழுசா சரியாகாதுன்னு அங்க இருந்தவர் சொன்னார். அப்பறம் எப்படி பெர்ஃபெக்ட்?"

பென்சில் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். நாலு பக்கம், நாலு வார்த்தை, ஒன்பது நாள். கால் இழுக்கும் ஒரு சிறுத்தைக்குப் போட அவற்றில் ஒன்றுகூட அளவில்லை. குறையே இல்லாததற்குத்தான் அவள் வார்த்தை தேடியிருந்தாள். குறையோடு இருப்பதற்கு என்ன சொல்வது என்று அந்த அகராதியில் அவள் பார்க்கவே இல்லை.

மண்டபத்தில் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. டீச்சர் யாரையோ கூப்பிடுவதும் கேட்டது. ஒன்பது ஐம்பத்தாறு.

"இப்ப அது என்ன பண்ணுது?" என்று கேட்டாள் பென்சில்.

"எது?"

"சிறுத்தை. நீ பாத்தப்ப என்ன பண்ணிச்சு? அதச் சொல்லு."

"நடந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை."

"அவ்வளவுதான். அதையே சொல்லிடு. இட் இஸ் வாக்கிங் அகெய்ன்."

புதுசு முகம் சுளித்தாள். ரொம்பச் சின்ன வாக்கியமாக இருக்கிறதே, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட எழுதிவிடுமே என்றாள்.

"எழுதட்டும். உண்மைதான?"

புதுசு ஸ்பாட்லெஸ் வரி முழுவதன் மேலும் கோடு போட்டாள். டீச்சர் கதவைத் தட்டினார்.

பென்சில் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். புதுசு மேடைக்கு வந்தாள், மேசையைப் பிடித்துக்கொண்டாள், மெதுவாகப் பேசினாள். நன்றாகவே பேசினாள். பென்சில் நிறுத்தும் இடங்களிலேயே நிறுத்தினாள். கடைசி வரிக்கு வந்தபோது பென்சில் தன் பாவாடை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

'தாங்க் யூ டாக்டர். இட் இஸ் வாக்கிங் அகெய்ன்.'

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் வந்தது.

பிறகு டாக்டர் எழுந்தார். நரைத்த மீசைக்காரர். கையில் பழைய கடி ஒன்றின் தழும்பு இருந்தது. சிறுத்தை பழையபடி முழுசாகக் குணமாகிவிட்டது என்று ஊரெல்லாம் தன்னைப் பாராட்டுகிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது, அது நொண்டத்தான் செய்கிறது என்றார். பிறகு புதுசின் பக்கம் திரும்பினார்.

"மறுபடி நடக்குதுன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு பாருங்க. இத்தனை நாள்ல சரியாச் சொன்னது இது ஒண்ணுதான். நான் ஆறு வாரம் தூங்காம பாத்தது அதுக்குத்தான்."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. முந்நூறு பேரும் புதுசைப் பார்த்தார்கள்.

அது என் வரி, என்று பென்சிலின் வயிறு கத்தியது. எழுந்து நின்று சொல்லிவிடலாமா என்றுகூடக் கால் பரபரத்தது. பரபரத்த காலை இன்னொரு காலால் அழுத்திக்கொண்டு, அவளும் கை தட்டினாள். இந்தத் தடவை சத்தம் வந்தது. வலித்தது, ஆனாலும் வந்தது.

சாயங்காலம் கறை மேசைக்கு முன்னால் நின்று அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காகிதத்தைப் பிரித்தது, படித்தது, சொல்ல ஒன்றுமில்லை என்று பொய் சொன்னது, காலையில் போய்ச் சொன்னது. அம்மா பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். திட்டவில்லை. உள்ளே போய் ஒரு பெரிய கூடையை இழுத்துக்கொண்டு வந்தார். மாணவர் விடுதியிலிருந்து வந்து, ஜோடி தப்பிப்போன சாக்ஸ்கள். எல்லாம் சாம்பல் நிறம். ஒன்று லேசான சாம்பல், ஒன்று இன்னும் லேசான சாம்பல்.

"பிரிச்ச கை, ஒரு வாரம் சேக்கட்டும்" என்றார் அம்மா.

இஸ்திரி மாமா ஆவிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அந்தக் கூடைக்குப் பதில் சிறுத்தையிடமே போய்விடலாம் என்று சொல்லிவிட்டு மறுபடி மறைந்தார்.

பென்சில் பதினாறாவது ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. புதுசு. கையில் துணி எதுவும் இல்லை.

"டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், அந்த வரி உன்னோடதுன்னு."

"கேட்டாங்களா?"

"கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

பென்சில் கையிலிருந்த சாக்ஸை மடித்தாள், பிரித்தாள். "என்ன சொன்னாங்க?"

"அப்படியான்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பென்சிலின் முகம் விழுந்ததைப் புதுசு பார்த்தாள். கூடைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, இரண்டு சாக்ஸை எடுத்தாள். அகலமாகப் பிடித்துப் பார்த்தாள். உருட்டி ஒரு பந்தாக்கி ஓரமாக வைத்தாள். இன்னும் இரண்டு. இன்னும் இரண்டு. முகத்தில் அவ்வளவு கவனம், பரீட்சை எழுதுகிற மாதிரி.

ஆறு பந்து சேர்ந்ததும் பென்சில் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். ஒன்று முழங்கால் வரை நீளம், இன்னொன்று கணுக்காலோடு சரி. அடுத்ததைப் பிரித்தாள். ஒன்றில் கோடு, ஒன்றில் கோடில்லை. மூன்றாவதில் ஒன்று சாக்ஸே இல்லை, குளிர்காலக் கையுறை.

ஆறும் தப்பு. ஒன்றுகூடச் சரியில்லை.

"என்ன, தப்பா?" என்று புதுசு கவலையோடு கேட்டாள்.

பென்சில் அந்தக் கையுறையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஐந்து விரல்களும் தொங்கின. ஐந்து மாதத்தில் முதல் முறையாக அவள் வயிறு எரியாமல் குளுகுளுவென்று இருந்தது.

"ரொம்ப மோசம்" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். "நாளைக்கும் வருவியா?"